ரத்தத்தில் தேடிய குற்றம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோப்பெங், கம்பார், பத்து காஜா வட்டாரத்துக் குடியிருப்புத் தாமான்களில் ஓர் இளைஞன் வெட்டுக்குத்து வழக்கில் பிடிபட்டால் இரண்டு பேச்சு உடனே எழும். “அப்பன் எப்படியோ மகனும் அப்படித்தான், ரத்தத்துலயே இருக்கு” என்பார் ஒருவர். “தோட்டத்துல இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தான், இங்க வந்த பிறகுதான் சேர்க்கை சரியில்லாம கெட்டுப்போனான்” என்பார் இன்னொருவர். குற்றவியல் என்ற துறை நூற்றைம்பது ஆண்டுகளாக நடத்திவரும் வழக்கும் இதுவேதான். ஒரு மனிதன் குற்றம் செய்வதற்கு அவன் உடல் காரணமா, அவன் வாழும் சூழல் காரணமா?

மலேசியத் தமிழருக்கு இது பல்கலைக்கழக விவாதத்தோடு முடிந்துவிடுகிற கேள்வி இல்லை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்கள் 40,000 பேருக்கும் மேல் என்றும், அவர்களில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டினர் இந்தியர் என்றும் சொன்னது. நாட்டு மக்கள்தொகையில் இந்தியரின் பங்கோ ஏழு விழுக்காட்டு அளவுதான். அந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதைப் பிறகு பார்க்கலாம். ஆனால் அது வெளியான நாளிலிருந்து, வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அலைகிற தமிழ்ப் பையன் மீது விழும் பார்வையில் அந்த எண்ணும் கலந்திருக்கிறது. இதைவிட வருத்தமானது, நம்மவர்களே அதை நம்பத் தொடங்கியது. “நம்ம பசங்களே இப்படித்தான்” என்ற சொல்லை நம் வீடுகளிலேயே கேட்க முடிகிறது. அதனால்தான் உடல் என்றும் சூழல் என்றும் சொல்லப்பட்டுவரும் விளக்கங்கள் எவ்வளவு தூரம் தாங்கும் என்று ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுவது நல்லது.

உடல் தரப்பிலிருந்து தொடங்குவோம். இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ 1876-ல் ‘குற்ற மனிதன்’ என்ற நூலை வெளியிட்டார். வில்லெல்லா என்ற திருடனின் மண்டை ஓட்டை ஆராய்ந்தபோது, பின்மண்டையில் கண்ட ஒரு குழி தாழ்ந்த விலங்குகளில் காணப்படுவதை ஒத்திருந்ததாம். அதிலிருந்து, பிறவிக் குற்றவாளி என்பவன் பரிணாமத்தில் பின்தங்கிப்போன மனிதன், அவனைத் தாடையிலும் காதிலும் நெற்றியிலும் அடையாளம் காணலாம் என்று முடிவு கட்டினார். வில்லெல்லா தென்கோடி இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்தவன். நாடு அப்போதுதான் ஒன்றாகியிருந்தது. வடக்கத்திப் படிப்பாளி தெற்கத்தி ஏழையின் தலையை அளந்து அவன் தாழ்ந்தவன் என்று கண்டுபிடித்தார். இந்தத் துறை பிறந்த வேளையிலேயே யார் யாரை அளப்பது என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது.

அந்த அளவுகோல் தமிழர்மீதும் வைக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகளால் அளந்தவர். சாதிகள், குலங்கள் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909-ல் வெளிவந்தன. போலீஸ் அதிகாரிகளுக்கும் அவர் இந்த அளவியல் பற்றி விரிவுரை நடத்தினார். 1871-ல் வட இந்தியாவுக்காக இயற்றப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குறிப்பிட்ட குலத்தில் பிறந்தவன், அவன் எதையும் செய்யாவிட்டாலும், குற்றவாளியாகப் பதியப்படுவான். கைரேகை கொடுக்க வேண்டும்; அழைக்கும்போது ஆஜராக வேண்டும்; ஊரைவிட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். மதுரைக்கு மேற்கே மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இந்த வரலாற்றைக் கோப்பெங்கில் நின்றுகொண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய காலமும் இந்தச் சட்டம் தமிழ்நாட்டில் நடந்த காலமும் ஒன்றோடொன்று கலந்தவை. இங்கே வந்து பால்மரம் வெட்டியவர்களின் உறவினர்களில் சிலர் அங்கே இரவில் ஆஜர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-லும் இந்தியா முழுவதும் 1952-லும் சட்டம் நீக்கப்பட்டது. குலம் மாறவில்லை, பிறப்பு மாறவில்லை; ஆனால் சட்டப் புத்தகத்தில் குற்றவாளிகளாக இருந்தவர்கள் ஒரே கையெழுத்தில் குடிமக்கள் ஆனார்கள். அதே வட்டாரத்தில் அவர்களுக்காகத் திறக்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்து ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் வந்தவர்கள் ஏராளம். பிறவிக் குற்றம் என்ற கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் எந்த ஆய்விதழிலும் படித்ததில்லை.

ஆய்விதழ்களும் லொம்ப்ரோசோவைக் கைவிட நாளாகவில்லை. ஆங்கிலேயச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் ஏறத்தாழ மூவாயிரம் கைதிகளை அளந்து, அவர்களைப் படைவீரரோடும் பல்கலைக்கழக மாணவரோடும் ஒப்பிட்டார். குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு கிடையாது என்று 1913-ல் எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து, 1965-ல், ஸ்காட்லாந்தின் காவல் மருத்துவமனை ஒன்றில் கூடுதலாக ஒரு ஒய் குரோமோசோம் உள்ள ஆண்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. பத்திரிகைகள் அதை வன்முறைக் குரோமோசோம் ஆக்கிவிட்டன. 1976-ல் டென்மார்க்கில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உயரமான ஆண்களைச் சோதித்தபோது கிடைத்தவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் சிலருக்குத் தண்டனைப் பதிவு இருந்தது. பெரும்பாலும் சில்லறைக் குற்றங்கள். அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

உடல் தரப்பின் வலுவான சான்றுகள் இதற்குப் பிறகுதான் வருகின்றன. அவற்றை ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பேரின் நீதிமன்றப் பதிவுகளை சார்னாஃப் மெட்னிக் குழுவினர் ஆராய்ந்து 1984-ல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றவருக்கும் வளர்த்தவருக்கும் தண்டனைப் பதிவு இல்லாத ஆண் பிள்ளைகளில் 13.5 விழுக்காட்டினர் தண்டனை பெற்றிருந்தனர். வளர்த்தவருக்கு மட்டும் பதிவு இருந்தால் அது 14.7. பெற்றவருக்கு மட்டும் இருந்தால் 20. இருவருக்கும் இருந்தால் 24.5. பெற்றவரின் முகத்தையே பார்க்காத பிள்ளையிடமும் ஏதோ ஒன்று கடந்து வருகிறது. ஆனால் இந்தத் தொடர்பு சொத்துக் குற்றங்களில்தான் தெரிந்தது, வன்முறைக் குற்றங்களில் தெரியவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெற்றவருக்கும் வளர்த்தவருக்கும் பதிவு இருந்த பிள்ளைகளிலும் நான்கில் மூவருக்கு மேல் தண்டனை எதுவும் பெறாதவர்கள்.

இரட்டையர் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள், சமூக விரோத நடத்தையில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ நாற்பது முதல் ஐம்பது விழுக்காட்டை மரபணுவோடு சேர்க்கிறார்கள். மூளையின் சில வேதிப்பொருள்களைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ.ஏ என்ற நொதியின் மரபணு முற்றிலும் செயலிழந்த ஒரு டச்சுக் குடும்பத்தை 1993-ல் ஹான் புரூன்னர் விவரித்தார். அந்தக் குடும்பத்தின் பாதிக்கப்பட்ட ஆண்களிடம் திடீர் வன்செயல்கள் இருந்தன. மிக அரிய நிலை அது. ஆனால் அதே மரபணுவின் குறைந்த வேகத்தில் இயங்கும் வடிவம் அரிதானதே இல்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருக்கிறது.

அந்த வடிவத்தை நியூசிலாந்தின் டனீடன் நகரில் ஆராய்ந்தார்கள். அங்கே 1972, 73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்ந்து வருகிறார்கள். அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மொஃபிட் குழுவினர் 2002-ல் சொன்னது இது. மரபணுவின் குறைவேக வடிவம் மட்டும் இருந்த பையன்களுக்கு அதனால் பெரிய வேறுபாடு இல்லை. அதே வடிவத்தோடு சிறு வயதில் அடி, புறக்கணிப்பு, சீரழிப்பு என்று துன்பமும் அனுபவித்தவர்கள் அந்த ஆண்களில் 12 விழுக்காடுதான். வன்முறைக் குற்றத் தண்டனைகளில் 44 விழுக்காடு அவர்களுடையவை. பின்னால் வந்த ஆய்வுகள் சில இதை உறுதிப்படுத்தின, சில தடுமாறின. ஆனால் கேள்வி அந்த ஆண்டோடு மாறிவிட்டது. மரபணுவா வளர்ப்பா என்று கேட்ட இடத்தில், எந்த மரபணு எந்த வீட்டில் என்று கேட்க வேண்டியதாயிற்று.

இந்தக் கண்டுபிடிப்பும் இனத்தின் பெயரால் திரிக்கப்படாமல் தப்பவில்லை. 2006-ல் நியூசிலாந்தின் மவோரி மக்களிடம் இந்த ‘போர்வீர மரபணு’ அதிகம் என்ற பேச்சு எழுந்து, அவர்களின் குற்ற விகிதத்துக்கு அதுவே விளக்கம் போலச் செய்தியானது. அறிவியலாளர்களே அதைக் கண்டித்தார்கள். டனீடனில் கிடைத்தது தனிமனிதருக்கு இடையே உள்ள வேறுபாட்டின் விளக்கம். அதை இனத்துக்கும் இனத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான் தவறு.

இந்தத் தவறை விளக்க ரப்பர் மரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆர்.ஆர்.ஐ.எம் 600 என்ற ஒட்டுக்கன்று வகையை நம் பெற்றோர் நன்றாக அறிவார்கள். அந்த வகை மரங்கள் எல்லாவற்றுக்கும் மரபு ஒன்றே. அவற்றில் ஒரு பகுதியை மலையடிவாரச் செம்மண்ணிலும், இன்னொரு பகுதியை ஈயம் அலசி எறிந்த கோப்பெங் வெள்ளை மணலிலும் நட்டுப் பாருங்கள். செம்மண் மரம் வாளி நிறையப் பால் தரும். மணல் மரம் தேம்பிப்போகும். அந்த வேறுபாட்டில் மரபின் பங்கு துளிகூட இல்லை. ஒட்டுப் போடாத பல மரபு மரங்களை ஒரே செம்மண்ணில் நட்டால் அங்கே காணும் வேறுபாட்டுக்கு மரபே பெரும் காரணமாக இருக்கும். இரட்டையர் ஆய்வு சொல்லும் நாற்பது, ஐம்பது விழுக்காடு இந்த இரண்டாவது வகைக் கணக்கு. அதை வைத்துக்கொண்டு மணலில் நின்ற மரங்களின் ரத்தத்தைக் குறை சொல்ல முடியாது.

நம் விஷயத்தில் ரத்தக் கோட்பாட்டுக்கு இன்னும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. காலம். எண்களைப் பெயராகத் தாங்கிய தமிழ்க் குண்டர் கும்பல்கள் பெருகியது கடந்த ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில். தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருவதற்குள் ஒரு மக்களின் மரபணு மாறிவிடாது. அதே திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை வட்டாரங்களிலிருந்து அதே கங்காணி முறையில் இலங்கை மலையகத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இந்த வடிவம் இல்லை. டொரான்டோவில் 1990-களில் ஈழத்துத் தமிழ் இளைஞர் கும்பல்கள் தலையெடுத்து மோதிக்கொண்டன; போரில் சிதறி வந்த குடும்பங்கள் ஊன்றிக்கொண்ட பிறகு அந்தப் பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரே மொழி, ஒரே வம்சாவளி, வெவ்வேறு நாடு, வெவ்வேறு காலம், வெவ்வேறு விளைவு.

தோட்டக் காலத்தைப் பொன்னுலகமாக்குவதும் சரியல்ல. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. சம்பள நாள் இரவில் மனைவி அடிபட்டாள். சம்சு குடித்து வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. அவற்றில் பல துரை பங்களாவிலும் கங்காணி முன்னிலையிலும் முடித்துவைக்கப்பட்டன, போலீஸ் புத்தகத்துக்குப் போகவே இல்லை. அதைக் கணக்கில் கொண்டாலும், பதினாறு வயதுப் பையனை எண்ணும் கொடியும் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு அந்த லயங்களில் இருந்ததில்லை.

அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? இதற்கு விடை பேராக்கின் வரலாற்றிலேயே கிடைக்கிறது. இந்த மாநிலத்தில் கும்பல் என்றால் ஒரு காலத்தில் சீனர் என்று பொருள். ஈயச் சுரங்கங்களுக்காக கீ ஹின், ஹை சான் என்ற இரண்டு ரகசியச் சங்கங்கள் லாருட்டில் 1861 முதல் 1874 வரை போரிட்டன. 1874 ஜனவரியில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆங்கிலேயர் பேராக்கில் கால் பதித்ததற்கே அது ஒரு காரணம். ரகசியச் சங்கத்தைச் சீனரின் இயல்பாகவே எழுதிவைத்த காலனிய அதிகாரிகள் உண்டு. அந்தச் சுரங்கத் தொழிலாளிகள் யார்? குடும்பம் இல்லாமல், கடனில் கப்பலேறி, சட்டமும் வங்கியும் மருத்துவமனையும் இல்லாத காட்டில் இறக்கிவிடப்பட்ட இளைஞர்கள். நோயில் கஞ்சி ஊற்றவும் இறந்தால் புதைக்கவும் அவர்களுக்குச் சங்கம் ஒன்றே இருந்தது. இரண்டு மூன்று தலைமுறையில் பெரும்பாலான சீனக் குடும்பங்கள் கடை, கல்வி, சொத்து என்று ஊன்றிக்கொண்டன. சங்கங்களின் அடித்தட்டில் இடம் காலியானது. 04, 08, 18, 24, 36 என்று இன்று தமிழ் இளைஞர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் எண்கள் அந்தச் சீனச் சங்கங்களின் மரபில் வந்தவை. முதலில் அடியாட்களாகச் சேர்ந்தவர்கள் பிறகு பெயரையும் எண்ணையும் எடுத்துக்கொண்டார்கள்.

இதே காட்சியைச் சிகாகோவில் கிளிஃபோர்டு ஷா, ஹென்றி மெக்கே இருவரும் கண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலான சிறார் நீதிமன்றப் பதிவுகளை நகர வரைபடத்தில் குறித்தபோது, குற்றம் மிகுந்த பகுதிகள் அப்படியே இருந்தன. அங்கே குடியிருந்த மக்கள்தான் மாறிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஜெர்மானியர், ஐரிஷ்காரர், பிறகு போலந்துக்காரர், இத்தாலியர், பிறகு கறுப்பர். எந்த இனம் வறுமையும் குடிபெயர்வும் நிறைந்த அந்த வளையத்துக்குள் வந்ததோ அதன் பிள்ளைகளிடம் விகிதம் உயர்ந்தது, வெளியேறியதும் தாழ்ந்தது. 1942-ல் வெளிவந்த அவர்கள் நூலைப் பேராக்கோடு சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஐயம் எதுவும் மிஞ்சவில்லை. இங்கே வரைபடத்தில் ஓர் இடம் நிலைத்து நின்றதற்குப் பதிலாக ஓர் எண் நிலைத்து நின்றது. அதை ஏந்தியவர்களின் இனம் மாறியது.

தமிழர் அந்த வளையத்துக்குள் வந்த விதம் பதிவாகியிருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டம் வாங்கியது அந்த வேளையில்தான். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவருக்கு வேலை உரிமம் கட்டாயமாக்கப்பட்டபோது ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். 1980-களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள், நகரத்தை ஒட்டிய தோட்டங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1985 அக்டோபரில் ஈய விலை சரிந்ததில் இந்த வட்டாரமான கிந்தா பள்ளத்தாக்கில் மாற்று வேலையும் போயிற்று. 1980 முதல் இருபது ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்தியர் மூன்று லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள்.

பெயர்க்கப்பட்டது என்றால் என்ன என்பதைத் தோட்டத்தில் இருந்தவர்தான் அறிவார். வேலை போனால் வீடும் போயிற்று, ஏனெனில் வீடு கம்பெனியுடையது. பள்ளி, கோயில், டிஸ்பென்சரி, பந்து விளையாடும் திடல், கோழியும் மாடும் கட்டிய கொல்லை, விடியற்காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் தாய் பிள்ளையை விட்டுப்போன ஆயாக் கொட்டகை, எல்லாம் ஒரே நாளில் போயின. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில் வில்லியம் கெல்லி ஸ்மித்தின் முடிக்கப்படாத மாளிகையைச் சுற்றுலாத் தலமாக வைத்துப் பாதுகாக்கிறார்கள். அவர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே குடியேறினார்கள் என்பதற்கு அப்படிப்பட்ட பலகை எதுவும் கிடையாது. புறம்போக்குக் கம்போங்குகளிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் குடியேறினார்கள். அப்பா லோரியிலோ காவலாளி வேலையிலோ, அம்மா பேக்டரி இரவு ஷிப்டில். பையனைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பாட்டி இல்லை. தோட்டத்தில் யார் பிள்ளை தப்பு செய்தாலும் யாரும் அதட்டலாம். சிகாகோவில் 343 வட்டாரங்களை ஆராய்ந்து ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் 1997-ல் சொன்னதும் இதைத்தான்: ஊர்ப் பிள்ளைகளை அதட்டத் தயங்காத, ஒருவரையொருவர் நம்புகிற தெருவில், அது ஏழைத் தெருவாகவே இருந்தாலும், வன்முறை குறைவு.

பள்ளியிலும் ஓர் ஓட்டை உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த பிள்ளை மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது, தேர்ச்சி போதாவிட்டால் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். பதின்மூன்று வயதில் தன் வயதுக்காரரெல்லாம் முன்னே போக, தான் மட்டும் பின்தங்கிய வகுப்பில் இருப்பது எப்படிப்பட்ட அவமானம் என்பதை அங்கே உட்கார்ந்தவர் சொல்லக் கேட்க வேண்டும். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத பிள்ளைக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே கனவைக் காட்டிவிட்டுச் சிலருக்கு மட்டும் வழியை அடைத்தால் அவர்களில் சிலர் குறுக்கு வழியைத் தேடுவார்கள் என்று ராபர்ட் மெர்ட்டன் 1938-ல் எழுதினார். குற்றம் என்பது நெருங்கிய கூட்டத்தில் கற்றுக்கொள்ளும் தொழில் என்றார் எட்வின் சதர்லாண்ட். இரண்டும் சேரும் இடம் நம் தாமான். வகுப்பில் பெயர் தெரியாதவனாக இருந்த பையனுக்குக் கும்பல் ஓர் எண்ணையும் அண்ணன்களையும் கொடுக்கிறது. அவன் செத்தால் கொடி போர்த்தி மோட்டார் சைக்கிள் ஊர்வலத்தோடு அடக்கம் செய்கிறது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ திரைப்படம் தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பத்தில் ஒரு கெட்டிக்காரச் சிறுவன் எப்படி அந்தப் பக்கம் சாய்கிறான் என்பதைக் காட்டியது. 2016-ல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்று விருது பெற்ற அந்தப் படத்தைப் பார்த்து, அது தன் வீட்டுக் கதை என்று அழுதவர்கள் பலர்.

இத்தனை சொன்ன பிறகும் சூழல் தரப்பு ஒரு கேள்விக்குத் தடுமாறும். அதே அடுக்குமாடியில், அதே புகுமுக வகுப்பில் இருந்த பையன்களில் பெரும்பாலோர் எந்தக் கும்பலிலும் சேரவில்லை. லோரி ஓட்டுகிறார்கள், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். அண்ணன் உள்ளே, தம்பி ஆசிரியர் என்ற வீடுகள் நம்மிடம் உண்டு. இந்தத் தெருவில் இந்தக் காலத்தில் ஏன் என்பதற்குச் சூழல் விடை சொல்கிறது. இந்தத் தெருவில் இந்தப் பையன் ஏன் என்று கேட்டால் உடலையும் பார்க்கத்தான் வேண்டும். பெரும்பாலான நாடுகளில் குற்றம் பதின்பருவத்தின் முடிவில் உச்சத்துக்கு ஏறி, இருபதுகளில் இறங்குகிறது. யோசித்து நிறுத்தும் வேலையைச் செய்யும் முன்மூளை இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இளமையில் சில ஆண்டுகள் மட்டும் தவறிப்போகும் பெருங்கூட்டம் ஒன்று, மழலைப் பருவத்திலேயே படபடப்பும் அடிதடியுமாகத் தொடங்கி வாழ்நாள் முழுதும் தொடரும் சிறு கூட்டம் இன்னொன்று என்று மொஃபிட் 1993-ல் பிரித்தார். இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் பிறப்புக்கு முன்னும் பின்னும் நரம்பு மண்டலத்துக்கு நேர்ந்த சேதம் அதிகம் தெரிகிறது. கருவில் மது, தலையில் அடி, காரீயம் கலந்த பெயின்டும் புகையும், ஊட்டமில்லாத உணவு. இவையெல்லாம் உடலில் பதிந்தவை. ஆனால் இவற்றில் எதுவும் மூதாதையரின் ரத்தத்திலிருந்து வந்தது அல்ல.

இந்த இடத்தில் மொரிசியஸ் தீவின் ஆய்வை நம் சமூகத் தலைவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அங்கேயும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் போன இந்தியரின் வழிவந்தவர்களே பெரும்பான்மை. அவர்களில் தமிழரும் உண்டு. இரண்டு ஊர்களில் 1969, 70-ல் பிறந்த 1,795 குழந்தைகளை மூன்று வயதில் சோதித்து, பிறகு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மூன்று வயதில் ரத்தசோகை, வாயோரப் புண், நிறம் வெளுத்த முடி என்று ஊட்டக்குறையின் அடையாளம் காட்டிய குழந்தைகள் 8, 11, 17 வயதுகளில் மற்றவரைவிட முரட்டுத்தனம் மிகுந்தவர்களாக இருந்தார்கள். அதே ஆய்வில் நூறு குழந்தைகளை மூன்று வயது முதல் ஐந்து வயதுவரை தனிப் பாலர் பள்ளியில் வைத்து, நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, விளையாட்டோடு பாடம் என்று இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். 23 வயதில் அவர்கள் தாங்களே ஒப்புக்கொண்ட குற்றங்கள், அந்தப் பள்ளிக்குப் போகாதவர்களோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மூன்று வயதில் ஊட்டக்குறையோடு வந்தவர்களிடமே பலன் அதிகம் என்று ஏட்ரியன் ரெயின் குழுவினர் 2003-ல் எழுதினார்கள். மீன், பால், ஓட்டம், விளையாட்டு. மருந்து எதுவும் இல்லை. மூளையைத் தொட்ட சிகிச்சை அது, ஆனால் கொடுத்தது பாலர் பள்ளி. ஆயாக் கொட்டகையை இழந்த சமூகம் முதலில் திரும்பக் கட்டவேண்டியது எது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் சொன்ன எழுபது விழுக்காட்டுக்கு இப்போது வருவோம். கும்பல் உறுப்பினர் எண்ணிக்கை என்பது போலீஸ் யாரை உறுப்பினர் என்று எழுதிக்கொண்டது என்பதன் கணக்கு. எந்தத் தாமானில் அதிகம் சோதனையோ அங்கே பெயர்களும் அதிகம். லொம்ப்ரோசோ குற்றவாளியின் தலையைச் சிறையில்தான் தேடினார். பிடிபடாத குற்றவாளிகளின் தலைகள் அந்தக் கணக்கில் வரவில்லை. ஒரே மலேசியா மேம்பாட்டு நிதியிலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்குமேல் சுரண்டப்பட்டதாக அமெரிக்க நீதித் துறை சொன்னது. அதோடு தொடர்புள்ள எஸ்.ஆர்.சி வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2020-ல் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டு 2022-ல் சிறை சென்றார். அந்த வழக்குகளில் சிக்கியவர்களின் இனத்தின் ரத்தத்தை ஆராய வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அந்த நியாயத்தை மோட்டார் சைக்கிள் ஓட்டும் பையனுக்கும் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம். நம் கும்பல்கள் கற்பனை என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களிடம் காப்புப் பணம் கட்டும் கடைக்காரரும், அரிவாள் வெட்டில் மகனை இழந்த தாயும் பெரும்பாலும் தமிழர்களே.

குற்றத்திலிருந்து வெளியேறுவதைப் பற்றிய ஆய்வுதான் எனக்கு மிகவும் முக்கியமாகத் தெரிகிறது, அதைப் பற்றித்தான் நம்மிடம் பேச்சு மிகக் குறைவு. பாஸ்டனில் சீர்திருத்தப் பள்ளியில் இருந்த ஐந்நூறு பையன்களின் பழைய பதிவுகளைக் கண்டெடுத்த ஜான் லாப், ராபர்ட் சாம்ப்சன் இருவரும் அவர்களை எழுபது வயதுவரை தேடிப்போனார்கள். பெரும்பாலோர் குற்றத்தை விட்டுவிட்டிருந்தார்கள். அவர்களை மாற்றியவற்றுள் முன்னிற்பவை நல்ல மனைவி, நிலையான வேலை, படைச் சேவை, பழைய தெருவைவிட்டு விலகியது. சிறுவயதுக் குணத்தை வைத்து யார் விடுவார், யார் தொடர்வார் என்று சொல்ல அவர்களால் முடியவில்லை.

மலேசியச் சட்டம் இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. 1969-ன் அவசரகாலச் சட்டம் முடிவுக்கு வந்த பிறகு, 1959-ன் குற்றத் தடுப்புச் சட்டத்தை 2013-ல் திருத்தினார்கள். போக்கா என்று நம் வீடுகளில் அச்சத்தோடு சொல்லப்படும் அந்தச் சட்டத்தில் விசாரணை இல்லாமல் இரண்டு ஆண்டு தடுத்துவைக்கலாம், அதை நீட்டிக்கலாம். அல்லது ஐந்து ஆண்டுவரை போலீஸ் கண்காணிப்பில், குறிப்பிட்ட மாவட்டத்தைவிட்டு நகராமல், காலில் மின்னணுக் கருவியோடு இருக்கச் செய்யலாம். இருபத்திரண்டு வயதுப் பையனை, வயதின் போக்கிலேயே குற்றம் இறங்கத் தொடங்கும் அந்த ஆண்டுகளில், வேறு மாவட்டத்துக்கு அனுப்பினால் அங்கே அவனுக்கு வேலை கொடுப்பவர் யார்? பெண் கொடுப்பவர் யார்? காலில் கருவி கட்டியவனைத் தேடிவந்து தோளில் கைபோடத் தயாராக இருப்பவர்கள் அங்கேயும் உண்டு, அதே எண்ணோடு. குற்றம் நிரூபிக்கப்பட்டவனை நீதிமன்றம் தண்டிக்கட்டும்; அதில் எனக்கு மறுப்பில்லை. நிரூபிக்கப்படாதவனின் வேலையையும் வீட்டையும் திருமணத்தையும் ஐந்து ஆண்டுக்கு நிறுத்திவைக்கும் உத்தரவை, இந்த ஆய்வுகளைப் படித்த எவராலும் குற்றத் தடுப்பு என்று சொல்ல முடியாது.